மன்னர் பேர்ணில், பேனை அரண்மனையில்

தூதரகத்தில் என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். அவர்களுடைய நாட்டில் சட்டம் மாறுகிறதாம். இனி மன்னர் வெளிநாடு போனால் பதில் ஆட்சியாளரை நியமிக்கத் தேவையில்லை. எந்த நாட்டில் நின்றாலும் கைத்தொலைபேசியில் விரலை வைத்து ஒப்பமிடலாம்.

"உங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் எவ்வளவு வேலை மிச்சம்!" என்றார்.

வேலை மிச்சமாகியிருக்கும் என்பதை ஒப்புக்கொண்டேன். நல்லதா என்று கேட்டார். இல்லை என்றேன். பழைய ஆள் பழைய முறையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார் என்று அவர் நினைத்திருக்கலாம். என் காரணம் வேறு. அதைத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாட்டின் பெயரை எழுதமாட்டேன். ஓய்வு பெறும்போது நான் ஒப்பமிட்ட உறுதிமொழி இன்னும் என்னைக் கட்டுகிறது. கடலும் பாலைநிலமும் உள்ள சிறிய இராச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் அங்கே லொறி ஓட்டப் போனார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். கொழும்பில் ஓர் அமைச்சர் வெளிநாடு போனால் பதில் அமைச்சர் ஒருவர் சத்தியப்பிரமாணம் செய்வார். மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் இடம் மிஞ்சினால் அந்தச் செய்தியை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு நிரப்புவோம். யாரும் வாசிப்பதில்லை. அந்தப் பெட்டிக்குள்தான் உன் பிற்கால உத்தியோகம் இருக்கிறது என்று அன்று யாராவது எழுதித் தந்திருந்தால் பிழை என்று சிவப்பு மையால் வெட்டியிருப்பேன்.

சுவிசுக்கு அகதியாக வந்து, பேர்ணில் உணவகக் குசினியில் கோப்பை கழுவி, பிறகு சாரதிப் பத்திரம் எடுத்தேன். அந்த இராச்சியத்தின் தூதரகத்துக்குச் சாரதியாகப் போனேன். மூன்று மொழியில் பிழையில்லாமல் எழுதுவேன் என்று தெரிந்ததும் மேலே, நெறிமுறைப் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். யார் எந்தக் காரில் ஏறுவது, யார் எந்தக் கதவால் வருவது, எந்தக் கடிதம் யாருடைய பெயரில் போவது என்பதைப் பார்ப்பது அந்தப் பிரிவு. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

மன்னர் வெளிநாடு போகும் முறை இப்படி இருந்தது. விமான நிலையத்தின் அரச கூடத்தில் அமைச்சர்கள் வரிசையாக நிற்பார்கள். பதில் ஆட்சியாளர், அனேகமாக மன்னரின் தங்கையான இளவரசி, சத்தியம் செய்வார். மன்னர் நியமனப் பத்திரத்தில் ஒப்பமிட்டு, அந்தப் பேனையை மூடி இளவரசியிடம் கொடுப்பார். பச்சை மை ஊற்றிய தடித்த பேனை அது. விமானம் நாட்டு வான்பரப்பைத் தாண்டியதும் எல்லாத் தூதரகங்களுக்கும் ஒரே வரியில் செய்தி வரும்: பதில் ஆட்சி தொடங்கியது. அந்த நொடியிலிருந்து சட்டம், நியமனம், தண்டனை, மன்னிப்பு எல்லாம் இளவரசிக்கு. மன்னர் திரும்பி வந்து நாட்டு மண்ணில் கால் வைத்ததும் பேனை திரும்ப அவருக்கு. ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் அதிகாரம் இருப்பதில்லை. இதுதான் முழு விஷயமும்.

இதை எனக்குக் கற்பித்தவர் மன்னரின் தனிச் செயலாளர். மன்னர் பேர்ணுக்கு வரும்போதெல்லாம் அவரும் வருவார், என்னை உதவிக்கு எடுத்துக்கொள்வார். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதாகவும் நினைவில்லை. செய்யக்கூடாத ஒன்றை யாராவது கேட்டால் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் போட்டுக்கொள்வார். அதற்குள் கேட்டவருக்கே விளங்கிவிடும். தூதுவர் உட்பட எல்லோரும் அந்தக் கண்ணாடிக்குப் பயந்தார்கள்.

ஒருமுறை ஒரு விடுதியில் விருந்தினர் புத்தகத்தை மன்னரிடம் நீட்டினார்கள். மன்னர் பேனையைத் தேடினார். செயலாளர் காதோடு, "பெயர் மட்டும், ஐயா. பட்டம் ஊரில் இருக்கிறது" என்றார். மன்னர் சிரித்துக்கொண்டு, தாய் தகப்பன் வைத்த பெயரை மட்டும் எழுதினார்.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. யாராக இருந்தாலும், வீதியில் கூட, மன்னரிடம் மனுவை நீட்டலாம். நீட்டிய மனுவை மன்னர் வாங்காமல் விடக்கூடாது. வாங்கினால் அந்த விடயம் அவருக்கே உரியது. அவரைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது, பதில் ஆட்சியாளர் கூட. முன்னொரு காலத்தில் வெளிநாட்டில் நின்ற மன்னர் ஒரு பதிலும் ஊரில் நின்ற பதில் ஆட்சியாளர் இன்னொரு பதிலும் கொடுத்துப் பெரிய குழப்பம் வந்ததாம். அதன் பிறகு வந்த விதி. செயலாளர் இதைச் சொன்னபோது, "ஆகவே வெளிநாட்டில் மன்னரின் கைதான் மிக ஆபத்தான உறுப்பு. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார். பகிடி என்று நினைத்தேன்.

இனி அந்த மாரிகாலத்துக்கு வருகிறேன். மன்னருக்கு இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை. பேர்ணில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்திருந்தார். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டியிருந்தது. செயலாளர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இது நோயாளியின் ஒப்பம்" என்று அனுமதித்தார். மருத்துவமனையின் பெயர் பொறித்த ஒரு நீலப் பேனையால் மன்னர் ஒப்பமிட்டார். ஊரில் இளவரசி ஆட்சி செய்துகொண்டிருந்தார். தேசிய தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தேசிய தினத்துக்கும் சில கைதிகளுக்கு மன்னிப்பு வழங்குவது அங்கே முறை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது றீற்றா என்னிடம் வந்தாள். ஓல்டனில் பார்சல் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறவள். நாங்களும் ஓல்டனில்தான் இருக்கிறோம். அவளுடைய தம்பி டொமினிக் அந்த இராச்சியத்தில் லொறிச் சாரதி. விபத்து ஒன்றில் ஒருவர் இறந்துபோனதால் சிறையில் இருந்தான். இறந்தவரின் குடும்பம் மன்னித்துவிட்டது. நீதிமன்றமும் சிபாரிசு செய்துவிட்டது. கடைசி ஒப்பம் ஒன்றுதான் பாக்கி.

"அண்ணை, ராசா இங்கை பேர்ணிலை நிக்கிறாராம். உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"ஆஸ்பத்திரிக் குசினியிலை வேலை செய்யிறவை சொல்லிச்சினம். உப்பில்லாமல் சூப் கேக்கிறாராம். ஒளிக்காதேங்கோ."

பேர்ணில் எந்த மருத்துவமனைக் குசினியிலும் ஒரு தமிழர் இருப்பார் என்பதைச் செயலாளரின் பாதுகாப்புத் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

"றீற்றா, நிக்கிறார்தான். ஆனா அவரிட்டை இப்ப அதிகாரம் இல்லை. தங்கச்சிதான் பதில் ஆட்சி. கையெழுத்து வைக்கிறதெண்டால் அவ ஊரிலை வைக்கவேணும்."

"என்ன கதை கதைக்கிறியள்? ராசா ராசாதானே. படுத்திருந்தாலும் ராசாதானே."

"எங்கடை நாட்டிலையும் வெளியிலை போனால் பதில் அமைச்சர் போடுறவங்கள் எல்லோ..."

"அது பேப்பரிலை போடுறதுக்கு, அண்ணை. பதில் அமைச்சரிட்டைப் போய் அலுவல் பாத்த ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ? உண்மையான ஆளைப் பிடிச்சாத்தான் அலுவல் நடக்கும்."

அவள் சொன்னது எங்கள் ஊரைப் பொறுத்தவரை முழு உண்மை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். கடிதம் எழுதுவது கடமைக்கு. காரியம் நடப்பது பெரிய ஆளின் கையில் நேராகக் கொடுக்கும்போது. சுவிசில் இத்தனை காலம் இருந்தும், வதிவிட அனுமதி புதுப்பிக்கப் போகும்போது ‘உள்ளுக்கை ஆரையும் தெரியுமோ’ என்று கேட்கிறவர்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள்.

"அவற்றை கையிலை குடுக்கக்கூடாது, றீற்றா. குடுத்தால் கேசு பிந்தும். நான் விசாரிச்சுச் சொல்லுறன். பொறும்."

"பொறுத்துப் பொறுத்துத்தான் அவன் உள்ளுக்கை கிடக்கிறான். உங்களுக்கு வேலை போயிடும் எண்டு பயம். சொல்லுங்கோவன்."

அடுத்த நாள் செயலாளரிடம் கேட்டேன். இப்படிக் கேட்பது என் வேலைக்கு அப்பாற்பட்டது என்று தெரிந்தே கேட்டேன். டொமினிக்கின் பெயரைச் சொல்லி, மன்னிப்புக்குரியவர்களில் அவனும் இருக்கிறானா என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் போகத் திரும்பினேன்.

"எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது" என்று முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. "அங்கேயே இருக்கட்டும்."

கோப்பு இளவரசியின் மேசையில் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. ஒப்பமிடுவாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. றீற்றாவுக்கு, "நல்ல இடத்திலைதான் கிடக்கு, பொறும்" என்று மட்டும் சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மன்னர் நடக்கத் தொடங்கியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருத்துவமனைத் தோட்டத்தில் இரண்டு ஊன்றுகோல்களுடன் கொஞ்சத் தூரம். பக்கத்தில் ஒரு தாதி. பேர்ண் பெண், மன்னரையும் மற்ற நோயாளிகளையும் ஒரே மாதிரி அதட்டுவாள். பின்னால் செயலாளரும் நானும். இன்னும் பின்னால் சாதாரண உடையில் ஒரு பொலிஸ்காரர். பாதையின் ஓரங்களில் பனி கருத்துக் கிடந்தது.

வேலியோரம் இருந்த வாங்கில் ஒரு பெண் பூங்கொத்துடன் உட்கார்ந்திருந்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவள் என்று பொலிஸ்காரர் நினைத்திருப்பார். பூங்கொத்துக்குள் மனு இருந்தது. நத்தார்ப் பூசைக்கு உடுத்துகிற பட்டுச்சேலைக்கு மேல் களஞ்சியத்தில் கொடுத்த மஞ்சள் குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தாள் றீற்றா. எழுந்து வந்து, நடைபாதையின் ஈரத்திலேயே முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும் மனுவை நீட்டினாள். மேலே டொமினிக்கின் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

"சேர், பிற்ற. மை பிறதர். பிற்ற, சேர்" என்று பாதி ஜெர்மனிலும் பாதி ஆங்கிலத்திலும் கெஞ்சினாள்.

பொலிஸ்காரர் ஓடி வந்தார். மன்னர் தலையசைத்து அவரை நிறுத்தினார். நான் பல ஆட்களைப் பல இடங்களில் கவனித்திருக்கிறேன். அந்த மனிதருக்கு மனு வாங்குவது மூச்சு விடுவது மாதிரி. தகப்பனும் பாட்டனும் செய்தது. வலது கை ஊன்றுகோலின் பிடியை விட்டது. விரல்கள் விரிந்தன.

மன்னரைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. செயலாளர் தொடவில்லை. அரையடி முன்னுக்கு வந்து, வழமையான குரலில் சொன்னார்:

"இளவரசி வாசித்துக்கொண்டிருக்கிறார், ஐயா."

கை அந்தரத்தில் நின்றது. மனுவுக்கும் விரல்களுக்கும் இடையே ஒரு புத்தகத்தின் தடிப்பு இடைவெளிதான். வாங்காவிட்டால் வழக்கத்தை மீறியவர் ஆவார். வாங்கினால் முன்னால் முழந்தாளில் நிற்கிற பெண்ணின் தம்பியை அவரே இளவரசியின் மேசையிலிருந்து எடுத்து, தான் ஊர் திரும்பும் வரைக்கும் பூட்டி வைத்தவர் ஆவார். எப்போது திரும்புவார் என்று வைத்தியர்களே சொல்லவில்லை.

மன்னர் இரண்டு ஊன்றுகோல்களையும் விட்டார். அவை பனியில் விழுந்தன. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார். புதிதாக மூட்டு மாற்றிய மனிதர், பிடிமானம் எதுவும் இல்லாமல், நிமிர்ந்து நின்றார்.

"நை, நை! ஊன்றுகோலைப் பிடியுங்கள்!" என்று தாதி தன் ஜெர்மனில் கத்தினாள். அவர் பிடிக்கவில்லை. நெற்றியில் வியர்வை முளைத்தது. றீற்றாவைப் பார்த்து ஆங்கிலத்தில், "அம்மா, நிலம் குளிர். எழும்புங்கள்" என்றார். அவள் எழும்பும்வரை கைகளைப் பிரிக்கவில்லை. எழும்பி, நான் அவளை வேலிப்பக்கம் அழைத்துப் போனபிறகுதான் தாதியின் தோளைப் பிடித்தார்.

றீற்றாவைத் தூதரகக் காரில் பேர்ண் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பின் ஆசனத்தில் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பாலத்தைத் தாண்டியதும் தொடங்கினாள்.

"கையைக்கூட நீட்டேல்லை. பாத்தியளே? எங்கடை ஊர் விதானையார் நிக்கிற மாதிரிக் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு. கோயில் வாசலிலை பிச்சைக்காரரைக் கண்டாலும் நாங்கள் அப்பிடி நிக்கமாட்டம்."

"வாங்கியிருந்தால் டொமினிக்கின்ரை கோப்பு அந்த நிமிசமே தங்கச்சியின்ரை மேசையிலையிருந்து எழும்பியிருக்கும். ராசா ஊருக்குப் போகுமட்டும் ஒருத்தரும் தொடேலாது. அதுதான் அவர் வாங்கேல்லை."

"எந்தத் தங்கச்சி?"

"பதில் ஆட்சி எண்டு சொன்னனானே, அந்தத் தங்கச்சி. இண்டைக்கு நாட்டை ஆளுறது அவதான்."

அவள் என்னைக் காரின் பின்பார்வைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். "இதை முதல் சொல்லியிருக்கலாமே?"

"கோயிலிலை சொன்னனானே."

"நீங்கள் பேப்பரிலை எழுதிற மாதிரிச் சொன்னியள். ஆருக்கு விளங்கும்?"

அது நியாயமான குற்றச்சாட்டு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டில் என் மனைவிக்கு விஷயம் நான் போகமுன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. "இத்தினை வருசம் ராசாவோடை திரிஞ்சு என்ன பிரியோசனம்? ஒரு பொடியனை வெளியிலை எடுக்க வக்கில்லை எண்டு ஓல்டன் முழுக்கக் கதை" என்றாள். சோறு போட்டாள், குழம்பை நானே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நாட்களை நான் பயமில்லாமல் கழித்தேன் என்று சொன்னால் பொய். இளவரசி கண்டிப்பானவர் என்று பெயர். ஆனால் ஒன்றில் எனக்கு உறுதி இருந்தது. கோப்பு ஒரு மேசையில்தான் இருக்கிறது. அந்த மேசைக்குப் பின்னால் ஒரு ஆள்தான் இருக்கிறார். அவர் என்ன முடிவெடுத்தாலும் அதை இன்னொருவர் பேர்ணில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இருந்து கலைக்கப்போவதில்லை. கைத்தொலைபேசியில் விரல் வைக்கிற வசதி அன்று இருந்திருந்தால், தோட்டத்தில் அந்த மனு மன்னரின் கைக்குப் போயிருக்கும். இரக்கமுள்ள மன்னர், விசாரணையின் முழுக் கட்டையும் வாசிக்காமல், குளிரில் முழந்தாளிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து முடிவெடுத்திருப்பார். றீற்றாவுக்கு அது நல்லதாக முடிந்திருக்கலாம். ஆனால் தோட்டம் வரைக்கும் வரமுடியாத அக்காமாரின் தம்பிகளும் அதே மேசையில் இருந்தார்கள். எனக்குப் பின் வந்தவருக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் போன காரணம் இதுதான்.

தேசிய தினத்துக்கு மறுநாள் நான் மருத்துவமனையின் மேல்மாடி அறையில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். றீற்றா அழைத்தாள். பின்னால் களஞ்சியத்தில் பார்சல்களைக் கொண்டுபோகும் பட்டிகள் ஓடுகிற சத்தம். வேலை நேரத்தில் தொலைபேசி எடுத்தால் மேற்பார்வையாளர் ஏசுவார் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள்.

"அண்ணை, டொமி எடுத்தவன். பேர் வாசிச்சவங்களாம். விடுறாங்களாம். டிக்கெற் போட்டு அனுப்பத்தான் கொஞ்ச நாள் எடுக்குமாம்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பட்டிச் சத்தத்தில் தெரியவில்லை. "அவன் கேக்கிறான், ‘அக்கா, நீ ராசாவைப் பாக்கப்போறன் எண்டெல்லோ சொன்னனீ, இங்கை கையெழுத்து ஒரு பொம்பிளையின்ரை, அது ஆர்?’ எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"பதில் ஆட்சி எண்டு சொன்னன்." உடனே அடுத்ததைக் கேட்டாள். "அண்ணை, உந்த ராசா இன்னும் பேர்ணிலைதானே? திரும்பிப் போகேல்லையே?"

"இல்லை. ஏன்?"

"அவர் போய் இறங்கினால் தங்கச்சிக்கு அதிகாரம் இல்லை எண்டனீங்கள். பேந்து அவர் வேறை மாதிரிச் சொன்னால்?"

"வைச்ச கையெழுத்து வைச்சதுதான், றீற்றா. ஆர் போனாலும் வந்தாலும் அது மாறாது."

"நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். எண்டாலும் டொமி பிளேன் ஏறுமட்டும் அந்தாளை விட்டிடாதேங்கோ. வடிவாச் சுகமாகிப் போகட்டும். என்ன அவசரம்?"

நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே தோட்டத்தில் மன்னர் ஊன்றுகோல்களுடன் ஒவ்வொரு அடியாக வைத்துக்கொண்டிருந்தார். தாதி ஏதோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அவசரப்படுறமாதிரித் தெரியேல்லை" என்றேன்.